பாலைவனத்தில் ஒரு குடில்



விடுமுறை வந்துவிட்டால் எங்கேனும் சென்று சில நாட்கள் தங்கி வரவேண்டும் என்னும் ஆவல் எல்லோர்க்கும் இயல்பு. மலைக்குச் செல்வோர் சிலர். கடற்கரைக்குச் செல்வோர் சிலர். குளிர்ச்சியும் நீர்வளமும் உள்ள இடங்களை மக்கள் நாடுவதில் வியப்பில்லை. ஆனால், ஆண்டு முழுவதும் பெய்யும் மழையை அளந்தால் பல இடங்களில் நான்கு அங்குல அளவே தேறும் ஒரு வறண்ட வெளிக்கு, கோடையில் வெப்பம் 38 பாகை செல்சியசையும் கடந்து ஏறும் ஒரு பாலைநிலத்திற்கு, இலட்சக்கணக்கான மக்கள் பொருள் செலவிட்டு, மனமுவந்து செல்கின்றனர் என்றால் அது சற்று வியப்பிற்குரிய செய்தி அன்றோ?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்குக் கிழக்கே 200 கிலோமீட்டருக்கு அப்பால், அத்தகைய இடம் ஒன்று உள்ளது. அதன் பெயர் ஜாசுவா ட்ரீ தேசியப் பூங்கா. நம் மொழியில் யோசுவா மரப் பூங்கா எனலாம். பூங்கா என்றவுடன் புல்தரையும் மலர்ப்பாத்தியும் கொண்ட நகரத் தோட்டத்தை நினைத்துவிட வேண்டா. இது 3,200 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்து கிடக்கும் பாறையும் மணலும் புதருமான காப்புநிலம். 2013ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14 இலட்சம் பேர் இதனைக் காண வந்தனர். 2021ஆம் ஆண்டில் அத்தொகை 30 இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

இத்தனை பேர் வந்தும், பூங்காவினுள்ளே ஒரு விடுதியேனும் இல்லை; உணவகமும் இல்லை. கூடாரம் அடித்துத் தங்குவதற்கு ஏறத்தாழ 500 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள்ளும் பெரும்பாலானவற்றில் குடிநீர் கிடையாது. வருவோர் தாமே நீர் கொண்டு வருதல் வேண்டும். ஆகவே மற்றையோர் எல்லாம் பூங்காவின் வடபுறத்தே நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள யக்கா வேலி, ஜாசுவா ட்ரீ, ட்வென்டிநைன் பாம்ஸ் என்னும் சிற்றூர்களிலும், அவற்றைச் சுற்றியுள்ள மணல்வெளிகளிலும் தங்குகின்றனர். அங்கே அவர்களுக்காகக் காத்திருக்கும் வாடகை வீடுகள் விந்தையானவை. ஒன்று மண்ணால் ஆன குமிழி போல் இருக்கும். ஒன்று சக்கரம் பூட்டிய அலுமினியப் பேழை போல் இருக்கும். பழைய மரக்குடிசை ஒன்று புதுக்கோலம் பூண்டு நிற்கும்.

இவற்றை வெறும் வேடிக்கைப் பொருள்களாகக் கருதுவதற்கில்லை. நீரற்ற நிலத்தில் மனிதன் எவ்வாறு தலைசாய்ப்பது என்னும் பழைய கேள்விக்குப் பற்பல காலத்து மக்கள் அளித்த விடைகளே இவ்வீடுகள். சில விடைகள் அந்நிலத்தோடு இசைந்தவை, சில இசையாதவை. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்பதும், விருந்தினராகச் செல்வோரின் கடமை யாது என்று சிந்திப்பதுமே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் நிலத்தின் இயல்பை அறிவோம். இப்பூங்காவில் இரண்டு பாலைவனங்கள் சந்திக்கின்றன. மேற்கே உயர்ந்த பகுதி மொஹாவி பாலைவனத்தைச் சார்ந்தது. கிழக்கே தாழ்ந்த பகுதி கொலராடோ பாலைவனம் எனப்படும். உயர்ந்த பகுதியிலேதான் பூங்காவுக்குப் பெயர் தந்த யோசுவா மரங்கள் வளர்கின்றன. கைகளைப் பலவாறு உயர்த்தி நிற்கும் மனிதனைப் போன்ற தோற்றமும், கிளை நுனிகளிலெல்லாம் ஈட்டி முனை போன்ற இலைக் கொத்தும் உடையது இம்மரம். ஆண்டுக்குச் சில அங்குலமே வளரும். நூற்றைம்பது ஆண்டு வாழும் மரங்கள் உண்டு. ஏனைய மரங்களைப் போல ஆண்டு வளையங்கள் இதன் தண்டில் அமைவதில்லை. ஆதலால் உயரத்தைக் கொண்டே வயதை மதிப்பிடுகின்றனர்.

இம்மரத்தின் வாழ்வு ஒரு சிறு அந்துப்பூச்சியைச் சார்ந்திருக்கிறது. யக்கா அந்து எனப்படும் அப்பூச்சி மலருக்கு மலர் மகரந்தத்தைச் சுமந்து சென்று சேர்க்கிறது, அம்மலரிலேயே முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழுக்கள் விதைகளில் ஒரு பகுதியைத் தின்று வளர, எஞ்சிய விதைகள் மரத்தின் வழித்தோன்றல்களாகின்றன. பூச்சியின்றி மரத்திற்கு விதையில்லை; மரமின்றிப் பூச்சிக்கு வாழ்வில்லை. விருந்தினனும் விருந்தளிப்பவனும் ஒருவரையொருவர் அழிக்காமல் வாழ்வது எப்படி என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி, அந்நிலத்தில் தங்கிய மனிதரைப் பார்ப்போம். ட்வென்டிநைன் பாம்ஸ் என்னும் ஊர்ப்பெயருக்கு இருபத்தொன்பது பனைகள் என்பது பொருள். அங்கே மாரா என்னும் பாலைவனச் சோலை ஒன்று உண்டு. பூமியின் அடியில் பாறை பிளந்து செல்லும் பிளவு ஒன்று நிலத்தடி நீரின் ஓட்டத்தைத் தடுத்து மேலே எழச் செய்தமையால் உண்டான சோலை அது. செர்ரானோ என்னும் தொல்குடி மக்கள் அங்கே குடியேறினர். சிறு ஊற்றுகளும் மிகுந்த புல்லும் உள்ள இடம் என்பதே மாரா என்ற சொல்லின் பொருளாம். ஆண் மகவு பிறக்குந்தோறும் ஒரு பனை நட்டனர் என்றும், முதலாண்டிலேயே இருபத்தொன்பது பனைகள் நட்டனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அப்பனைகள் அவர்களுக்கு உணவும் உடையும் கூரையும் தந்தன. 1867ஆம் ஆண்டளவில் செமெகுவேவி என்னும் மற்றொரு குடியினரும் அங்கு வந்து சேர்ந்தனர். சுரங்கக்காரரும் மாடு மேய்ப்போரும் அந்நீரை நாடி வரத் தொடங்கிய பின்னர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தொல்குடியினர் அச்சோலையை விட்டு நீங்க நேர்ந்தது.

இன்று அச்சோலையின் நிலை யாது? நிலத்தடி நீர் தாழ்ந்துவிட்டது. ஊற்று தானாகச் சுரந்த இடத்தில், பனைகள் பட்டுப்போகாதிருக்கப் பூங்காவினர் குழாய் வழியே நீர் விடுகின்றனர். பாலைநிலத்தில் தங்குமிடம் தேடுவோர் யாவரும் முதலில் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி இது.

முதல் உலகப் போர் முடிந்தபின் அந்நிலத்திற்கு வேறொரு வகை விருந்தினர் வந்தனர். போர்க்களத்தில் நச்சுப்புகையால் நுரையீரல் கெட்ட போர்வீரர்கள் அவர்கள். பாசடீனா நகர மருத்துவரான ஜேம்ஸ் லக்கி என்பவர், வறண்ட தூய காற்று அவர்களுக்கு நலம் தரும் என்று கருதி, 1920ஆம் ஆண்டுகளில் பலரை ட்வென்டிநைன் பாம்ஸ் பகுதிக்கு அனுப்பினார். மூச்சுவிடுவதற்காக வந்தவர்கள் அங்கேயே குடும்பத்துடன் தங்கி ஓர் ஊரை உண்டாக்கினர். 1928ஆம் ஆண்டில் மாராச் சோலையின் அருகே ஒரு விடுதியும் தோன்றியது. வெயிலில் காய்ந்த பச்சைச் செங்கல்லால் கட்டிய அதன் சிறு குடில்களில் இன்றும் பயணிகள் தங்குகின்றனர்.

அக்காலத்திலேயே ஒரு தீங்கும் தொடங்கிவிட்டது. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, நகரத்து மக்கள் பாலைவனத்திற்கு உலா வந்தனர். வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. கள்ளி வகைகளையும் யோசுவா மரங்களையும் வேரோடு பெயர்த்துத் தம் வீட்டுத் தோட்டங்களை அழகு செய்ய எடுத்துச் சென்றனர். இரவில் வழிகாட்டும் பந்தமாக யோசுவா மரத்திற்கே தீ வைத்தவர்களும் இருந்தனர். பாலைவனத்தின் அழகில் மயங்கி வந்தவர்களே அதனைக் கொள்ளையிட்டனர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

இக்கொடுமையைக் கண்டு உள்ளம் வருந்தியவர் மினர்வா ஹாமில்டன் ஹாய்ட் என்னும் அம்மையார். பாசடீனாவில் வாழ்ந்த அவர் தோட்டக்கலையில் வல்லவர். பாலைவனத்தைப் பாழ்நிலம் என்று உலகம் எண்ணும்வரை அதற்குப் பாதுகாப்பில்லை என்பதை உணர்ந்து, பாலைவனச் செடிகளின் கண்காட்சிகளை நியூயார்க், பாஸ்டன், இலண்டன் ஆகிய நகரங்களில் நடத்திக் காட்டினார். 1930ஆம் ஆண்டில் பாலைவனங்களைக் காப்பதற்கென ஒரு கழகமும் நிறுவினார். அவருடைய இடைவிடாத முயற்சியின் பயனாக 1936ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட் அந்நிலத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். 1994ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்கா என்னும் உயர்நிலையை அடைந்தது.

பூங்கா காக்கப்பட்டது. அதன் எல்லைக்கு வெளியே நிகழ்ந்த கதை வேறு. 1938ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் சிறுநிலச் சட்டம் என்ற ஒன்றை இயற்றியது. அதற்கு முன் 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் உழவருக்கு 160 ஏக்கர் வரை நிலம் வழங்கி வந்தது. பாலைவனத்தில் உழவு ஏது? எனவே வேறெதற்கும் பயன்படாது என்று கருதப்பட்ட நிலத்தை ஐந்தைந்து ஏக்கர் துண்டுகளாகப் பிரித்து, உறைவிடமாகவோ ஓய்விடமாகவோ உடல்நலம் தேடும் இடமாகவோ கொள்ளுமாறு பொதுமக்களுக்கு அளிக்க அச்சட்டம் வழி செய்தது. நிபந்தனை ஒன்றே: குறித்த காலத்திற்குள் அங்கே ஒரு சிறு வீடு கட்டுதல் வேண்டும். நீளம் பதினாறு அடியும் அகலம் பன்னிரண்டு அடியும் கொண்ட ஒற்றை அறை அமைத்தாலும் அந்நாளில் போதுமானதாயிருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியிலிருந்து எழுத்தர்களும் தொழிலாளரும் போரிலிருந்து மீண்ட வீரரும் இந்நிலத் துண்டுகளைப் பெற வந்தனர். வார இறுதியில் பலகையும் ஆணியும் தண்ணீர்க் கலங்களும் வண்டியில் ஏற்றி வந்து, தம் கையாலேயே குடில் கட்டினர். சாலை இல்லை; குழாய் நீர் இல்லை; மின்சாரமும் இல்லை. முயல்கள் மட்டுமே வாழக்கூடிய இடம் என்னும் வேடிக்கைப் பொருளில் இவற்றைக் காட்டுமுயல் குடியிருப்புகள் என்றழைத்தனர். ஆயினும் செல்வர் அல்லாத ஒருவர் தமக்கென ஐந்து ஏக்கர் வானத்தையும் மௌனத்தையும் உரிமையாக்கிக் கொள்ள அச்சட்டம் இடம் தந்தது. ஆயிரக்கணக்கான குடில்கள் மணல்வெளியில் புள்ளி வைத்தாற்போல் எழுந்தன.

ஆர்வம் நெடுநாள் நீடிக்கவில்லை. நீர் சுமந்து வரும் வருத்தம், கோடையின் கடுமை, முதுமை ஆகியவற்றால் பலர் குடில்களைக் கைவிட்டனர். 1976ஆம் ஆண்டில் அச்சட்டமும் நீக்கப்பட்டது. கதவு பெயர்ந்து, கூரை சரிந்து, காற்றுக்கு வழிவிட்டு நின்ற வெற்றுக் குடில்கள் பாலைவனத்தின் எலும்புக்கூடுகள் போல் தோன்றின. 1999ஆம் ஆண்டளவில் அவற்றைக் கண்ணுக்கு உறுத்தும் குப்பை என்று கருதி, சான் பெர்னார்டினோ மாவட்ட நிர்வாகம் பலவற்றை இடித்தது.

எஞ்சியவற்றுக்கு எதிர்பாராத மறுபிறவி கிடைத்தது. முதலில் ஓவியரும் இசைவாணரும் குறைந்த விலைக்கு அவற்றை வாங்கிச் செப்பனிட்டுக் குடிபுகுந்தனர். பின்னர், 2008ஆம் ஆண்டில் ஏர்பிஎன்பி என்னும் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றியது. தம் வீட்டை அல்லது அறையைச் சில நாட்களுக்கு வாடகைக்கு விடுவோரையும், தங்க விரும்புவோரையும் கணிப்பொறி வழியே இணைப்பது அதன் தொழில். விலை போகாது கிடந்த ஒற்றையறைக் குடில் திடீரென்று நகரத்தார் விரும்பித் தேடும் ஓய்விடமாயிற்று. அரசாங்கம் ஒரு காலத்தில் பயனற்றது என்று பகிர்ந்தளித்த வெறுமைதான் இன்று அங்கே விற்பனையாகும் பண்டம்.

இக்குடில்களைத் தவிர வேறு வகை உறைவிடங்களும் உண்டு என்றேன். மாணவர்களாகிய நீங்கள் அவற்றைப் பௌதிகக் கண்கொண்டு நோக்கினால் மிக்க பயன் பெறலாம்.

பாலைநிலத்தில் பகல் கடும் வெப்பம்; இரவு கடுங்குளிர். குளிர்காலத்து இரவுகளில் நீர் உறைவதும் உண்டு. வறண்ட காற்றிலே நீராவி குறைவாதலால், பகலில் நிலம் பெற்ற வெப்பம் இரவில் தடையின்றி வான்வெளிக்குச் சென்றுவிடுகிறது. ஆதலின் அங்கே நல்ல வீடு என்பது பகலின் வெப்பத்தை உடனே உள்ளே விடாததாகவும், இரவில் அதனைச் சிறிது சிறிதாகத் தருவதாகவும் இருத்தல் வேண்டும். தடித்த மண்சுவர் இதனைச் செய்கிறது. நண்பகலில் சுவரின் வெளிப்புறத்தில் பட்ட வெப்பம் உட்புறத்தை அடைவதற்குள் மாலை ஆகிவிடும். அப்பொழுது அவ்வெப்பம் வேண்டியதே.

இந்த உண்மையைப் புதிய முறையில் பயன்படுத்தியவர் நாதர் கலீலி என்னும் கட்டடக்கலைஞர். ஈரான் நாட்டில் பிறந்த அவர், அந்நாட்டுப் பாலைவனச் சிற்றூர்களின் மண்வீடுகளை ஆராய்ந்து, பின்னர் கலிபோர்னியாவில் குடியேறினார். சந்திரனில் மனிதன் தங்குவதற்கு அங்குள்ள மண்ணையே கொண்டு வீடமைப்பது எவ்வாறு என்று 1984ஆம் ஆண்டில் விண்வெளி அறிஞர்களின் கருத்தரங்கு ஒன்றில் எடுத்துரைத்தார். நீண்ட குழல் போன்ற பைகளில் ஈரமண்ணைத் திணித்து, பாம்பு சுருண்டாற்போல் வட்டமாக அடுக்கி, அடுக்குகளுக்கிடையே முள்கம்பி வைத்துப் பிணைத்து, மேலே குவிந்து முடியும் குடிலாகக் கட்டுவது அவர் கண்ட முறை. யோசுவா மரப் பூங்காவிற்கு மேற்கே, அதே மொஹாவி பாலைவனத்தின் ஹெஸ்பீரியா என்னும் ஊரில் அவர் ஒரு பயிற்சிக் கழகம் நிறுவினார். ஏழை மக்களுக்கும் அகதிகளுக்கும் எளிதில் வீடு தரும் இம்முறைக்கு 2004ஆம் ஆண்டில் ஆகா கான் கட்டடக்கலைப் பரிசு கிடைத்தது. பூங்காவின் அருகே பயணிகள் தங்கும் மண்குமிழிகள் சில இம்முறையில் எழுந்தவையே.

மாறாக, அலுமினியத் தகட்டால் ஆன இழுவை வண்டியை நோக்குங்கள். ஏர்ஸ்ட்ரீம் என்னும் பெயருடைய அவ்வண்டிகளில் கிளிப்பர் என்ற புகழ்பெற்ற வகை 1936ஆம் ஆண்டில், பாலைவனம் நினைவிடமாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், வெளிவந்தது. வெள்ளி முட்டை போல் மின்னும் அழகிய வடிவம் அதற்கு. ஆயினும் மெல்லிய உலோகச் சுவர் வெப்பத்தைச் சேமித்து வைக்கும் ஆற்றல் அற்றது. வெயில் ஏறினால் அதுவும் ஏறும். இரவு குளிர்ந்தால் அதுவும் குளிரும். கோடைப் பகலில் அதனுள் இருக்க வேண்டுமாயின் குளிர்விக்கும் இயந்திரம் ஓயாது இயங்க வேண்டும். துணியாலான வட்டக் கூடாரங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

பழைய மரக்குடில்களில் வெப்பத்தைத் தணிக்க ஓர் எளிய கருவி உதவியது. நனைந்த நார்த்தட்டை வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும் பெட்டி அது. நாம் ஏர் கூலர் என்கிறோமே, அதுவே. நீர் ஆவியாகும்போது காற்றிலுள்ள வெப்பத்தைக் கவர்ந்து கொள்கிறது. வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளிப்பதும் இதே தத்துவம். பாலைவனத்தின் உலர்ந்த காற்றில் இது மிக நன்றாகப் பயன்படும். சென்னை போன்ற கடற்கரை நகரத்தில் காற்று முன்னமே ஈரம் நிறைந்திருப்பதால் இதன் பயன் குறைவு. ஒரு நிலத்திற்கு ஏற்ற கருவி மற்றொரு நிலத்திற்கு ஏற்றதாகாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அழகிற்காகவே எழுப்பிய வீடுகளும் உண்டு. சுவரெல்லாம் ஆடியாக அமைத்து, பாறையையும் வானத்தையும் தன்மேல் பிரதிபலித்துக் கண்ணுக்குப் புலப்படாதது போல் நிற்கும் நீண்ட மாளிகை ஒன்று 2019ஆம் ஆண்டளவில் எழுந்தது. மனிதர்க்கு அஃது அற்புதக் காட்சி. ஆனால் இத்தகைய ஆடிச் சுவர்களில் தோன்றும் வானத்தை மெய்யான வானம் என்று எண்ணிப் பறவைகள் மோதக்கூடும். பயனியர்டவுன் என்னும் ஊரின் கதையோ இன்னும் சுவையானது. 1946ஆம் ஆண்டில் திரைப்படக்காரர் சிலர் சேர்ந்து, மேற்கத்திய வீரக் கதைகளைப் படமெடுப்பதற்காகவே உண்டாக்கிய ஊர் அது. நடிகர்கள் தங்கக் கட்டிய விடுதியில் இன்று பயணிகள் தங்குகின்றனர். பொய்யூராகப் பிறந்து மெய்யூராக வாழ்கிறது அது.

இனி நீரைப் பற்றிப் பேசுவோம். ஊரை விட்டு விலகி நிற்கும் குடில்கள் பலவற்றிற்கு இன்றும் குழாய் நீர் இல்லை. சரக்கு வண்டியில் நீர் கொண்டு வந்து தொட்டியில் நிரப்புகின்றனர். அங்கே தங்குபவர் குளிக்கும் ஒவ்வொரு குடமும் யாரோ விலை கொடுத்து மணலில் இழுத்து வந்த நீர். குழாய் உள்ள ஊர்களிலும் நீர் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்தே வருகிறது. கழிவுநீர் வீட்டுத் தொட்டிகளிலிருந்து மண்ணுக்குள் இறங்கி, யக்கா வேலியின் நிலத்தடி நீரில் நைட்ரேட் என்னும் உப்பு மிகுந்தமையால், அவ்வூரார் பெரும் பொருள் செலவில் சாக்கடைக் குழாய்கள் பதிக்க நேர்ந்தது. ஆடம்பரமாகக் குளியல் தொட்டியும் நீச்சல் குளமும் அமைத்து விளம்பரம் செய்யும் வாடகை வீடுகளைக் காணும்போது, நீர் வற்றிய மாராச் சோலை நினைவிற்கு வராமற் போகாது.

நீரைப் போலவே அருகிவரும் மற்றொரு பொருள் இருள். 2017ஆம் ஆண்டில் இப்பூங்கா, இருள்வானப் பூங்கா என்னும் சர்வதேசச் சிறப்பைப் பெற்றது. நிலவில்லாத இரவில் அங்கே பால்வீதி ஆறு போல் தெளிவாகத் தோன்றும். நகரத்தில் பிறந்து வளர்ந்த பலர் அதனை முதன்முறையாகக் காண்பது அங்கேதான். அக்காட்சிக்காக வந்தவர் தங்கும் வீட்டைச் சுற்றி இரவு முழுவதும் அலங்கார விளக்குகள் எரிந்தால், வந்த காரியம் கெடுவதோடு அண்டை வீட்டாரின் வானமும் அழிகிறது. விளக்கு வேண்டுமாயின் ஒளி கீழ்நோக்கி மட்டும் விழுமாறு மறைத்து அமைப்பதும், தேவை தீர்ந்தவுடன் அணைப்பதும் போதும்.

விலங்குகளின் செய்தியும் ஒன்று கூறவேண்டும். பாலைவன ஆமை 1990ஆம் ஆண்டு முதல் அமெரிக்கச் சட்டத்தால் காக்கப்படும் உயிர். தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மண்வளையில் கழிக்கும் அது, மழைக்காலத்துப் பருகிய நீரைத் தன் சிறுநீர்ப்பையில் சேமித்து வைத்துப் பல மாதம் வாழ வல்லது. அன்பினால் ஒருவர் அதனைக் கையில் தூக்கினால், அச்சத்தால் அந்நீரை வெளியே விட்டுவிடும். பிறகு அடுத்த மழை வரும்வரை அது பிழைத்திருப்பது அரிது. தங்குமிடங்களில் மூடாமல் விடும் குப்பையும் சிந்தும் நீரும் அண்டங்காக்கைகளைப் பெருக்குகின்றன. அவை ஆமைக் குஞ்சுகளைக் கொத்தித் தின்கின்றன. தீய எண்ணம் சிறிதுமில்லாத விருந்தினரும் எவ்வாறு தீங்கு செய்துவிட முடியும் என்பதை இதனால் அறியலாம்.

மரங்களும் மனிதனின் காவலை நாடி நிற்கின்றன. 2018ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கி 35 நாட்கள் அமெரிக்க அரசாங்கப் பணிகள் தடைப்பட்டபோது, காவலர் குறைந்த பூங்காவில் சிலர் விலக்கப்பட்ட இடங்களில் வண்டி ஓட்டினர். யோசுவா மரங்களும் சேதமுற்றன. 2023ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் இம்மரத்தைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. இன்று அம்மாநிலத்தில் ஒருவர் தம் சொந்த நிலத்தில் நிற்கும் யோசுவா மரத்தையும் உரிய ஒப்புதலின்றி வெட்டலாகாது. உலகின் வெப்பம் உயர்ந்துகொண்டே போனால், இந்நூற்றாண்டின் இறுதிக்குள் பூங்காவின் பெரும்பகுதி இம்மரம் வாழ்வதற்கு ஏலாததாகிவிடும் என்று அறிவியலார் எச்சரிக்கின்றனர்.

இறுதியாக, அவ்வூர்களில் நிலையாக வாழும் மக்களின் குரலையும் கேட்டல் வேண்டும். பயணிகள் வருவதால் தச்சருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் உணவகத்தாருக்கும் வேலை கிடைக்கிறது. சொந்த வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விட்டுக் கடன் அடைப்போரும் உண்டு. இவை மறுக்கத்தக்கன அல்ல. எனினும் ஒரு வீட்டை மாத வாடகைக்கு உள்ளூர்க் குடும்பத்திற்கு விடுவதைக் காட்டிலும், நாள் வாடகைக்குப் பயணியிடம் விடுவது இலாபம் மிகுந்ததாயின், வீட்டுக்காரர் எதனை நாடுவார்? கொள்ளை நோய்க் காலமான 2020ஆம் ஆண்டை அடுத்து அங்கே வீடுகளின் விலை மளமளவென்று ஏறியது. பள்ளி ஆசிரியரும் பூங்காப் பணியாளரும் தாம் வேலை செய்யும் ஊரிலேயே குடியிருக்க வீடு கிடைக்காது தவிக்கும் நிலை தோன்றியது. ஆகவே ட்வென்டிநைன் பாம்ஸ், யக்கா வேலி ஆகிய ஊர்களின் மன்றங்கள் இத்தகைய வாடகை வீடுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்துள்ளன. விருந்தினரை வரவேற்கும் ஊர், தன் மக்களுக்குத் திண்ணையும் இல்லாமற் செய்துவிட்டு எவ்வளவு காலம் ஊராக இருக்க முடியும்?

அன்பர்களே, இதுவரை கூறியவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். மூச்சுக்காக வந்தவர், நிலத்துக்காக வந்தவர், அழகிற்காக வந்தவர் என விருந்தினர் பலர். செடியைப் பிடுங்கிச் சென்ற அக்காலத்துப் பயணியும், நீரையும் இருளையும் அளவின்றிச் செலவிடும் இக்காலத்துப் பயணியும் ஒரே பிழையைச் செய்கின்றனர். தாம் விரும்பி வந்த பொருளையே தம் வருகையால் தேய்க்கின்றனர். இதற்கு மாற்று, எவரும் வரக்கூடாது என்பதன்று. ஹாய்ட் அம்மையார் பாலைவனச் செடிகளை மக்களிடமிருந்து மறைத்து வைக்கவில்லை. மாநகர்களுக்குக் கொண்டு சென்று காட்டினார். கண்டவர் காக்க முன்வருவர் என்று நம்பினார், அந்நம்பிக்கை வீண்போகவில்லை. அவ்வாறு காண வருவோர் பன்னிரண்டு அடிக்குப் பதினாறு அடி அளவுள்ள குடில் கற்பிக்கும் அளவறிதலையும் உடன் கற்றல் வேண்டும்.

நீங்கள் கலிபோர்னியாவிற்குச் செல்லலாம்; செல்லாமலும் இருக்கலாம். ஆனால் மலைநகர் ஒன்றிலோ, கடலோரச் சிற்றூர் ஒன்றிலோ, காட்டின் விளிம்பிலோ என்றேனும் ஒருநாள் விருந்தினராகத் தங்கப் போகிறீர்கள். அப்பொழுது அறையின் அழகையும் வாடகையையும் பற்றி வினவுவதோடு நில்லாமல், மேலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இங்கே எனக்குக் கிடைக்கும் நீர் எங்கிருந்து வருகிறது? நான் விட்டுச் செல்லும் குப்பையும் கழிவும் எங்கே போகின்றன? நான் வருவதற்கு முன் இவ்வீட்டில் யார் வாழ்ந்தார்? இவற்றுக்கு விடை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்பவரை எந்த ஊரும் மறுமுறையும் மகிழ்ந்து வரவேற்கும்.